சொன்னால் போதுமா? வீட்டு இணையத்தை வெட்டும் சட்டம் நமக்கு வேண்டாம்



உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு இணையக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

பெரும்பாலும் அப்பா பெயரில். அவருடைய அடையாளக் கார்டைக் காட்டித்தான் லைன் எடுத்தீர்கள். பில்லும் அவர் பெயரில்தான் வருகிறது. ஆனால் அப்பா அதில் பார்ப்பது வாட்ஸ்அப்பும் பழைய பாட்டும் மட்டும். மகன் கேம் விளையாடுகிறான். மகள் எஸ்பிஎம் பாடம் பார்க்கிறாள். மருமகன் வேலை தேடுகிறார். பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சை என்று சொல்லி பாஸ்வேர்டு வாங்கிப் போனான், அவனிடமிருந்து அவன் கூட்டாளிகள் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் கைபேசியிலும் அந்த பாஸ்வேர்டு இன்னும் இருக்கிறது.

இப்போது ஒரு படக் கம்பெனி வந்து, "இந்தக் கணக்கிலிருந்து எங்கள் படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கியிருக்கிறார்கள்" என்கிறது. இறக்கியது யார்? தெரியாது. தண்டனை யாருக்கு? அப்பாவுக்கு. லைன் அறுபட்டால் அப்பாவோடு சேர்ந்து வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும்.

இது கற்பனை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இதற்கான கதவு ஏற்கனவே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் 2012 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் 43சி என்று ஒரு பிரிவு. அதன்படி நீதிமன்றம் இணையச் சேவை கம்பெனிக்கு இரண்டு வகையில் உத்தரவு போடலாம். ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் ஓர் இணையத்தளத்துக்குப் போகும் வழியை அடைப்பது. இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு கணக்கையே முடித்துவிடுவது. கணக்கை முடிப்பது என்றால் லைனை வெட்டுவது. சட்ட மொழியில் சொன்னால் வலிக்காது, அவ்வளவுதான்.

பதிப்புரிமை என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஒருவர் எடுத்த படம், பாடிய பாட்டு, எழுதிய புத்தகம் ஆகியவற்றை நகல் எடுக்கவும் விற்கவும் காட்டவும் அவருக்கு அல்லது அவரிடம் வாங்கிய கம்பெனிக்கு மட்டுமே உள்ள உரிமை. அந்த உரிமை இருக்கட்டும். அதை நான் எதிர்க்கவில்லை, இதைப் பின்னால் விளக்குகிறேன். அந்த உரிமையைக் காக்க ஒரு குடும்பத்தின் இணையத்தை வெட்டலாமா என்பதுதான் இங்கே வழக்கு.

"நீதிமன்றம்தானே உத்தரவு போடுகிறது, அப்புறம் என்ன பயம்?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. நீதிமன்றம் இருப்பது நல்லதுதான். வேறு சில நாடுகளில் அதுகூட இல்லாமல் செய்யப் பார்த்தார்கள். ஆனால் இந்த உத்தரவு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கம்பெனிக்குப் போகிறது. ஒரு பக்கம் பதிப்புரிமைக்காரரின் வக்கீல், மறு பக்கம் இணையக் கம்பெனியின் வக்கீல். உங்களுக்காக அங்கே யார் பேசுகிறார்? கம்பெனிக்கு மாதம் நூற்றுச் சொச்சம் வெள்ளி கட்டும் உங்கள் ஒருவருக்காக அது பணம் செலவழித்து வாதாடும் என்று நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. இருபது வருடமாகக் கோர்ட்டு வாசலில் நிற்கும் எனக்கு, யார் பணம் கட்டுகிறாரோ அவருக்காகத்தான் கோப்பு திறக்கும் என்று தெரியும்.

குற்றச்சாட்டு எப்படித் தயாராகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் போகும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஐபி முகவரி என்று ஓர் எண் உண்டு. கம்பெனி வைத்திருக்கும் மென்பொருள், படம் பரிமாறப்படும் இடங்களில் உட்கார்ந்து, எந்தெந்த எண்கள் வந்து போகின்றன என்று குறித்துக்கொள்கிறது. பிறகு அந்த எண் அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று இணையக் கம்பெனியிடம் கேட்கிறது. இதில் மனிதர் யாரும் இல்லை. எண் மட்டும்தான். லயத்தில் ஒரு பொதுக் குழாய் இருக்கிறது, அதில் யார் தண்ணீர் பிடித்தார் என்று குழாயைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கைத்தொலைபேசி இணையத்தில் நிலைமை இன்னும் மோசம். பல வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் ஒரே ஐபி எண்ணின் பின்னால் இருப்பது அங்கே சாதாரணம். நேரத்தைக் குறித்ததில் சின்னப் பிசகு வந்தாலும் பழி வேறு வீட்டில் போய் விழும்.

பிரான்சு நாட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள். 2009இல் அங்கே 'ஹதோபி' என்ற பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்று தடவை எச்சரிக்கை, அப்புறம் லைன் கட். வெட்டும் அதிகாரம் நீதிபதியிடம் இல்லை, ஒரு அரசு அமைப்பிடம். அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம் 2009 ஜூன் 10 அன்று அதை வெட்டி எறிந்தது. 1789ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் சொல்லும் பேச்சுரிமையில், இணையச் சேவைகளை அணுகும் உரிமையும் இன்று அடங்கும் என்று சொன்னது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற கொள்கையையும் எடுத்துக்காட்டியது. 200 வருடத்துக்கு முந்திய ஒரு காகிதத்தில் இணையம் எங்கே இருக்கிறது என்று அந்த நீதிபதிகள் கேட்கவில்லை. பேசும் வாய் எங்கே இருக்கிறதோ அங்கே பேச்சுரிமை இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள்.

அரசாங்கம் விடவில்லை. நீதிபதி ஒருவரை நடுவில் வைத்து, அதே வருடம் சட்டத்தை மறுபடி கொண்டுவந்தது. அதன்கீழ் 2012 செப்டம்பரில் முதல் முதலாகத் தண்டிக்கப்பட்டவர் யார் தெரியுமா? பெரிய திருட்டுக் கும்பலின் தலைவன் இல்லை. கைத்தொழில் செய்து பிழைக்கும் ஒரு மனிதர். பாட்டை இறக்கியது அவர் இல்லை, பிரிந்துபோன அவருடைய மனைவி. மனைவியே அதை ஒத்துக்கொண்டார். இருந்தும் 150 யூரோ அபராதம் அவருக்குத்தான், ஏனென்றால் லைன் அவர் பெயரில் இருந்தது, தன் லைனைப் பாதுகாக்கத் தவறிவிட்டார் என்பது குற்றமாம். அடுத்த வருடம் ஜூனில் ஒருவருக்கு 600 யூரோ அபராதமும் 15 நாள் இணையத் தடையும் விதித்தார்கள். அடுத்த மாதமே, 2013 ஜூலையில், லைனை வெட்டும் தண்டனையை அரசாங்கமே ஆணை போட்டு எடுத்துவிட்டது. நாலு வருடம் நாட்டையே உலுக்கிய சட்டத்துக்குக் கிடைத்தது அந்த ஒரு தீர்ப்பு.

நியூசிலாந்தும் இதே பாதையில் போனது. அங்கே 92ஏ என்ற பிரிவு. திரும்பத் திரும்பப் பதிப்புரிமையை மீறுபவரின் கணக்கை முடிக்க ஒவ்வொரு இணையக் கம்பெனியும் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்றது. மீறினாரா என்று யார் முடிவு செய்வது? அதைச் சொல்லவில்லை. ஓவியர்கள், பாடகர்கள், எழுத்தாளர்கள் எல்லாம் 2009 பிப்ரவரியில் தங்கள் இணையப் பக்கங்களைக் கறுப்பாக்கி எதிர்ப்புக் காட்டினார்கள். கவனியுங்கள், எதிர்த்தவர்களில் படைப்பாளிகளே இருந்தார்கள்! யாரைக் காப்பாற்றச் சட்டம் என்று சொன்னார்களோ அவர்களே "எங்கள் பெயரைச் சொல்லி இதைச் செய்யாதே" என்றார்கள். அரசாங்கம் அந்தப் பிரிவை நிறுத்தி வைத்து, 2011இல் வேறு சட்டம் போட வேண்டி வந்தது.

அமெரிக்காவில் இன்னொரு விதமான நெருக்கடி. அங்கே காக்ஸ் என்ற இணையக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களின் லைனை வெட்டவில்லை என்று பாட்டுக் கம்பெனிகள் வழக்குப் போட்டு, 2019இல் ஜூரிகள் 100 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அந்தத் தொகையை 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. ஆனால் அப்படி ஒரு தொகையைக் கேட்டபிறகு ஒரு கம்பெனி முதலாளி என்ன நினைப்பார்? வாடிக்கையாளர் குற்றவாளியா இல்லையா என்று விசாரித்துக்கொண்டிருப்பாரா, வெட்டிவிட்டுத் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்வாரா?

"பிரான்சும் அமெரிக்காவும் எங்கேயோ இருக்கிறது, தெமியாங்குக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். டிபிபிஏ என்ற பசிபிக் வாணிப ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? மலேசியா 2010இல் அந்தப் பேச்சுவார்த்தையில் சேர்ந்தது. 2011இல் வெளியே கசிந்த அமெரிக்காவின் வரைவில், திரும்பத் திரும்ப மீறுபவர்களின் கணக்கை முடிக்கும் கொள்கையை இணையக் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும் என்ற வாசகம் இருந்தது. உங்கள் வீட்டு லைனைப் பற்றி, கதவை மூடிக்கொண்டு, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கே காட்டாத காகிதத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்! 2017இல் அமெரிக்கா வெளியேறியது. மற்ற 11 நாடுகள் 2018இல் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தத்தில், இணையக் கம்பெனிகளின் பொறுப்பைப் பற்றிய பகுதியைக் கிடப்பில் போட்டார்கள். கிடப்பில் போட்டார்கள் என்றுதான் சொல்கிறேன், கிழித்துப் போட்டார்கள் என்று சொல்லவில்லை. மலேசியாவுக்கு அந்த ஒப்பந்தம் 2022 நவம்பர் 29 முதல் நடப்பில் உள்ளது.

வெட்டுவது நமக்குப் புதிதா? தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், லயத்தைக் காலி செய் என்கிறார்கள், ஜனங்கள் போகமாட்டேன் என்கிறார்கள். அப்போது நிர்வாகம் என்ன செய்யும்? கோர்ட்டுக்குப் போக நாளாகும். முதலில் தண்ணீர் நிற்கும். அப்புறம் லைட். குப்பை எடுக்க வண்டி வராது. கைக்குழந்தை வைத்திருக்கும் வீடு முதலில் சாமான் கட்டும், பிறகு மற்ற வீடுகள். ஒரு அடி அடிக்காமல், ஒரு தீர்ப்பு வாங்காமல், ஒரு லயத்தையே காலி செய்யும் வித்தை அது. நம் அம்மாக்கள் தூரத்துக் குழாயிலிருந்து வாளி தூக்கிக்கொண்டு வந்து அந்த வித்தையை எதிர்த்து நின்றார்கள்.

சட்டம் அந்த வித்தையை ஏற்கவில்லை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. 1950ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு, வாடகைக் காலம் முடிந்தபிறகும் குடியிருப்பவரை வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகாமல் வெளியேற்ற முடியாது என்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் சரி. ஏன் இப்படி எழுதினார்கள்? ஒரு குடும்பத்தின் கூரையைப் பறிக்கும் முன் அந்தக் குடும்பத்தை ஒரு நடுவர் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதற்காக.

இன்றைக்கு இணையம் அந்தக் கூரையோடு சேர்ந்ததுதான். இது ஆடம்பரம், சினிமா பார்க்கும் சாமான் என்று பேசுகிறவர்கள் 2020ஐ மறந்துவிட்டார்கள். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளிக்கூடம் கைபேசிக்குள் போனது. சபாவில் பித்தாஸ் பக்கத்து மாணவி ஒருவர் பரீட்சை எழுத சிக்னல் தேடி மரத்தில் ஏறினார், நாடே பார்த்தது. நம் தோட்டங்களில் பிள்ளைகள் கோயில் திடலிலும் மேட்டு ரோட்டிலும் புத்தகத்தை விரித்து உட்கார்ந்ததை யாரும் படம் எடுத்துப் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சேமநிதி வாரியத்தின் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார் பணத்துக்கு மனு போட்டது எதில்? தடுப்பூசிக்குப் பலர் பதிந்தது மைசெஜாத்ராவில் இல்லையா? இன்றும் பல்கலைக்கழகத்துக்கு யூபியூ மனு, ரஹ்மா ரொக்க உதவி மனு, வருமான வரிப் பாரம், வேலைக்கான நேர்முகம் எல்லாம் இணையத்தில்தான். வங்கிகள் கிளைகளைக் குறைத்துக்கொண்டே போகின்றன. தோட்டத்துக்குள் ஒரே ஒரு கம்பெனியின் கோபுரம் மட்டும் எட்டும் இடங்கள் உண்டு. அங்கே அந்த ஒரு கணக்கு முடிந்தால் அந்த வீடு முடிந்தது. டவுனில் இருப்பவர் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்வார், அடுத்த கடையில் காப்பி வாங்கிக்கொண்டு அங்குள்ள வைஃபையில் உட்கார்ந்துவிடுவார். தண்டனை காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான், விழும் இடத்தில் ஒன்றில்லை.

நம் சமூகத்துக்கு இன்னொன்றும் உண்டு. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் சாலைகளில் நம் மக்கள் மேல் கண்ணீர்ப்புகையும் இரசாயனத் தண்ணீரும் பாய்ந்ததை முழுசாக நீங்கள் எதில் பார்த்தீர்கள்? டிவியிலா? ஊருக்கு ஊர் செய்தி போனது குறுஞ்செய்தியில், மின்னஞ்சலில், யூடியூபில். பத்திரிகை உரிமம் கிடைக்காதவனுக்கு இணையம்தான் பத்திரிகை. அதை வெட்டும் கத்தி எந்தப் பெயரில் வந்தாலும் நாம் இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

பதிப்புரிமை என்ற பெயரில் வந்த கத்தி எங்கெல்லாம் பட்டது என்று பாருங்கள். 2011 ஜூனில் மலேசியத் தொடர்புப் பல்லூடக ஆணையம் (எம்சிஎம்சி) பத்து இணையத்தளங்களை அடைக்கச் சொன்னது. அவற்றில் பைரட் பே இருந்தது. கூடவே மெகாஅப்லோட், டெபாசிட்ஃபைல்ஸ் போன்ற கோப்பு வைக்கும் தளங்களும் இருந்தன. அவற்றில் திருட்டுப் படமும் இருந்தது, யாரோ ஒரு மாணவனின் ஆய்வுக் கட்டுரையும் யாரோ வீட்டுக் கல்யாணப் படமும் இருந்திருக்கும். அடைத்தபோது எல்லாம் சேர்ந்தே அடைபட்டது. தமிழ்நாட்டில் 2012இல் '3' என்ற படத்துக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெயர் தெரியாதவர்கள் மேல் ஒரு தடையுத்தரவு வாங்கினார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியாவின் இணையக் கம்பெனிகள் விமியோ போன்ற நல்ல தளங்களையும் முழுசாக மூடிவிட்டன. தளத்தை மூடச் சொல்லவில்லை, அந்தப் படம் இருக்கும் பக்க முகவரியை மட்டும்தான் அடைக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் ஜூனில் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எலிக்கு வைத்த மருந்தை ஊருக்கே ஊற்றிய கதை.

கத்தி ஒரு தடவை கைக்கு வந்துவிட்டால் அது திருட்டுப் படத்தோடு நிற்பதில்லை. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம் 3(3)ஆம் பிரிவில், இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் இணையத் தணிக்கைக்கு அனுமதி என்று பொருள்படாது என்று எழுதி வைத்தது. அதே சட்டத்தின் ஆணையம் 2008 ஆகஸ்டில் மலேசியா டுடேயை அடைத்தது. 2015 ஜூலையில், 1எம்டிபி பணத்தைப் பற்றி எழுதிய சரவாக் ரிப்போர்ட்டை அடைத்தது. அந்தத் தளம் எழுதியது பொய்யா மெய்யா என்று பிறகு கோர்ட்டே சொல்லிவிட்டது. 2018 முதல் 2024 ஆகஸ்டு 1 வரை 24,277 இணையத்தளங்களை அடைத்ததாக ஆணையமே கணக்குக் காட்டியது. அதில் பதிப்புரிமைக்காக 14 விழுக்காடு. சூதாட்டத் தளங்களை அடைத்ததில் எனக்கு வருத்தம் கிடையாது, எத்தனை குடும்பங்கள் அதில் அழிந்தன என்று கோப்புகளில் பார்க்கிறேன். ஆனால் பட்டியலை யார் சரிபார்க்கிறார், தவறாக அடைபட்டவர் யாரிடம் போய் முறையிடுவார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

சரி, திருட்டுப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேனா? இல்லை. ஒரு காலத்தில் பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கும் ஆறு வெள்ளிக்கும் விசிடி வாங்காத வீடு நம்மில் குறைவு. தியேட்டர் தூரம், டிக்கெட் விலை அதிகம், கட்டணத் தொலைக்காட்சி மாதா மாதம் கையைக் கடிக்கும். காரணங்கள் புரிகின்றன. இருந்தாலும் இந்த நாட்டிலேயே நம் பிள்ளைகள் பாட்டுப் போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்ன 'ஜகாட்' படம் 2015இல் வந்தது, மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. அப்படி ஒரு படத்தைக் கடன் வாங்கி எடுப்பவனுக்கு ஒவ்வொரு டிக்கெட்டும் அரிசி. அவன் உழைப்பை இலவசமாகப் பார்த்துவிட்டு, தமிழன் முன்னேறவில்லை என்று பேசுவது அழகில்லை. அவனுக்குப் பணம் கொடுத்துப் பாருங்கள்.

திருட்டில் பணம் பார்ப்பவனைப் பிடிக்கச் சட்டம் இல்லையா? நிறையவே இருக்கிறது. 41ஆம் பிரிவில் ஒவ்வொரு கள்ள நகலுக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தியேட்டரில் கேமரா வைத்துப் படம் பிடிப்பவனுக்கு 43ஏ. 2022 மார்ச் 18இல் 43ஏஏ வந்தது. கள்ள ஒளிபரப்புப் பெட்டியைத் தயாரிப்பவன், இறக்குமதி செய்பவன், விற்பவன், அந்தச் சேவையை நடத்துபவன் எல்லோருக்கும் 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை. இணையத்தில் கள்ள நகல் கிடந்தால் அதை வைத்திருக்கும் சேவை கம்பெனிக்கு 43எச் பிரிவின்கீழ் அறிவிப்பு கொடுத்து 48 மணி நேரத்தில் எடுக்க வைக்கலாம். எதிர்த்தரப்பும் பதில் அறிவிப்பு கொடுக்கலாம், கொடுத்தால் உரிமைக்காரர் கோர்ட்டுக்குப் போக வேண்டும், இல்லையேல் அந்த நகல் பழைய இடத்துக்குத் திரும்பும். பாருங்கள், ஒரு கோப்புக்கு இரண்டு தரப்பையும் கேட்கும் ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது! ஒரு குடும்பத்துக்கு மட்டும் வேண்டாமா?

இத்தனை ஆயுதம் கையில் இருந்தும் வீட்டு லைனை வெட்டும் அதிகாரமும் வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள்? விற்பவனைப் பிடிக்க உழைக்க வேண்டும். புலனாய்வு வேண்டும், சாட்சி வேண்டும், பெரிய ஆளாக இருந்தால் அவனும் வக்கீல் வைப்பான். வீட்டு லைனை வெட்டுவதற்கு ஒரு எண் போதும். எதிர்த்து யாரும் வரமாட்டார்கள் என்ற கணக்கு. நம்மைப் போன்றவர்கள் கடிதம் கண்டாலே பயந்துவிடுவோம் என்ற கணக்கு.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5(1)ஆம் விதி, சட்டப்படி அன்றி யாருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது என்கிறது. 1996இல் தான் தெக் செங் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீ ராம், 'உயிர்' என்றால் மூச்சு விடுவது மட்டும் அல்ல, பிழைப்பும் வாழ்க்கைத் தரமும் அதில் அடங்கும் என்று தீர்ப்பு எழுதினார். ஓர் ஆசிரியரின் வேலை போன வழக்கு அது. கிராப் ஓட்டுபவருக்கும், பலகாரம் செய்து ஃபேஸ்புக்கில் விற்கும் அக்காவுக்கும் இணையம் பிழைப்பு இல்லையா? இந்த வாதத்தை ஒரு நாள் நம் நீதிமன்றத்தில் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். 2011இல் ஐக்கிய நாடுகளின் பேச்சுரிமை சிறப்பு அறிக்கையாளர் ஃபிராங்க் லா ரூ, பதிப்புரிமை மீறல் உட்பட எந்தக் காரணத்துக்காகவும் மக்களை இணையத்திலிருந்து துண்டிப்பது அளவுக்கு மீறிய தண்டனை, அனைத்துலகக் குடிமை அரசியல் உரிமை உடன்படிக்கைக்கு விரோதமானது என்று எழுதினார். அந்த உடன்படிக்கையை மலேசியா ஏற்கவில்லை. அது வேறு ஒரு நாள் எழுத வேண்டிய வயிற்றெரிச்சல்.

கேட்பது இதுதான். 43சி பிரிவில் கணக்கை முடிக்கும் வாசகத்தை எடுத்துவிடுங்கள். எடுக்கும்வரை, கணக்கு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது புரியும் மொழியில் அறிவிப்புக் கொடுத்து, கோர்ட்டில் வந்து பேச வாய்ப்புக் கொடுக்காமல் எந்த லைனையும் தொடக்கூடாது. இறக்கியது யார் என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டுபவர் தலையில் இருக்க வேண்டும், லைன் யார் பெயரில் என்பது அத்தாட்சி ஆகாது. வாணிப ஒப்பந்தம் எதிலும் இந்த வாசகத்தை மறுபடி நுழைக்க மாட்டோம் என்று அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.

நாம் பேசி என்ன ஆகும் என்று சலிக்காதீர்கள். 2024 செப்டம்பரில் எல்லா இணையத் தேடலையும் உள்நாட்டுக் கம்பெனிகளின் வழியாகத் திருப்பிவிட ஆணையம் உத்தரவு போட்டது. இரண்டு மூன்று நாள் பொதுமக்கள் சத்தம் போட்டார்கள். செப்டம்பர் 8 அன்று அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். சத்தம் போட்டவர்களில் பெரும்பாலோர் டவுன்காரர்கள், கணினி படித்தவர்கள். நம் குரலும் அதில் இருக்கட்டும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள், 43சி என்று எழுதிக் கொடுங்கள். அந்த எண்ணை அவர் முதல் தடவையாக உங்களிடமிருந்து கேட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

இதற்கிடையில் ஒரு கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் அது உண்மையா என்று பாருங்கள். "இன்றைக்குள் பணம் கட்டு, இல்லாவிட்டால் லைன் கட்" என்று குறுஞ்செய்தியோ அழைப்போ வந்தால் அது மோசடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதில் உள்ள எண்ணைக் கூப்பிடாதீர்கள், உங்கள் பில்லில் உள்ள எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் அனுப்பிவிட்டிருந்தால் உடனே 997க்கு அடியுங்கள். கடிதம் உண்மை என்றால் உறையையும் பத்திரப்படுத்துங்கள், கையில் கிடைத்த தேதியைப் பின்னால் எழுதி வையுங்கள், ஏனென்றால் கெடுவைக் கணக்கிட அந்தத் தேதி தேவைப்படலாம். மகனைக் கூப்பிட்டு அடிப்பதற்கு முன்னால் வீட்டு வைஃபையில் எத்தனை கைபேசி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். "நான்தான் செய்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று பயத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தொலைபேசியிலும் சொல்லாதீர்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு அந்தக் கடிதத்தோடு போங்கள். பழைய பில்களையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.